ஓலையில் இல்லாத புள்ளி: தஞ்சைத் திண்ணைப் பள்ளிகளில் படிப்பு வந்த வழி

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்புக்குத் தஞ்சாவூர் கலெக்டர் 1823இல் அனுப்பிய பதிலில் 884 பள்ளிக்கூடங்களும் 109 உயர்கல்விச் சாலைகளும் காட்டப்பட்டுள்ளன. வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் ‘அழகிய மரம்’ நூலில் இக்கணக்குகளை அச்சேற்றினார். அன்றுமுதல் திண்ணைப் பள்ளி பற்றிய விவாதம் எத்தனை பள்ளிகள், எந்தச் சாதியார், எத்தனை ஆண்டுப் படிப்பு என்ற மூன்று கேள்விகளையே சுற்றி வருகிறது. ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வி இல்லை என்ற பொய்யை அவர் உடைத்தது பெரும் தொண்டு. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கலெக்டர்களின் படிவம் எதைக் கேட்டதோ அதையே அவரும் கேட்டார் என்பதுதான் என் குறை. பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் எனப் பத்தி பிரித்த படிவம் அது. மிராசுதார் வேளாளர் வீட்டுப் பிள்ளையும் குத்தகைக் குடியானவர் பிள்ளையும் அதில் ஒரே பத்தியில் விழுவார்கள். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1843 ஆனது. அதுவரை அடிமைகளாகவே நஞ்சையில் நடவு நட்ட பண்ணையாட்களின் பிள்ளைகள் எத்தனை பேர் திண்ணை ஏறினார்கள் என்று அந்தப் பத்திகளைக் கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. படிவம் வீட்டையும் பள்ளியையும் தனித்தனியாக எண்ணியது. சென்னை நகரில் மட்டும் 26,963 பிள்ளைகள் வீட்டிலேயே கற்பதாகக் கலெக்டர் எழுதினார். அது பள்ளிக்குச் சென்றவர்களைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில் இந்த எண்ணைச் சந்தேகித்தார். ஆனாலும் வீட்டுக் கல்வி கணிசமானது என்று ஏற்றுக்கொண்டார். தரம்பாலுக்கு அது பள்ளிக் கணக்கோடு கூட்டிக்கொள்ள வேண்டிய இன்னொரு தொகை. இரண்டையும் அப்படிக் கூட்ட முடியாது என்பது என் வாதம். அக்காலப் பிள்ளைக்குப் படிப்பு வருவதில் வீடும் பள்ளியும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இதற்குச் சான்றை எண்ணிக்கையில் தேடிப் பயனில்லை. ஓலையின் எழுத்திலேயே அது இருக்கிறது.

சுவடி பதிப்பித்தவர்கள் அனைவரும் பட்ட பாடு இது: ஒற்றையும் எகர ஒகரக் குறிலையும் காட்டும் புள்ளி ஓலையில் பெரும்பாலும் கிடையாது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுதான், காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘கோல்’ என்ற சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஓலையில் அது ஒரு கொம்பு, ககரம், ஒரு கால், லகரம், அவ்வளவுதான். அந்த வரியைக் கொல், கோல், கொல, கோல, கெரல என எப்படியும் கூட்டலாம். இதற்கு எதிரே பிள்ளையின் வாயில் இருந்த பாடத்தை வைத்துப் பாருங்கள்: கெனா, கேயன்னா, கொனா, கோவன்னா, இக்கன்னா. ஓலை கலந்துவிட்ட குறிலையும் நெடிலையும் ஒற்றையும் இந்தப் பெயர்கள் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கண்ணுக்குக் கிடைக்காத வேறுபாட்டைக் காதும் நாக்கும் காத்தன. இந்தப் பெயர்கள் எந்த நூற்றாண்டில் வழக்குக்கு வந்தன என்பதை உறுதி செய்ய வழியில்லை. ஓலை வழக்கு நிலவிய காலத்திலேயே அவை இவ்வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்தான். ஆனால் வேறு எந்தத் தேவை இவ்வளவு முறையான பெயர்களை உண்டாக்கியிருக்கும்?

அரிச்சுவடிக்கு அடுத்து ஆத்திசூடி வந்ததும் இதனால்தான் என்று கருதுகிறேன். அதன் வரிகள் அகர வரிசையில் அமைந்தவை. ஏழாவது வரி எகரத்திலும் எட்டாவது ஏகாரத்திலும் தொடங்கும். புள்ளியிடாத ஓலையில் இவ்விரண்டு வரிகளின் முதல் எழுத்தும் ஒரே வடிவம். எது குறில், எது நெடில் என்று சொல்வது வரிசை மட்டுமே. மாலையில் மாணவத் தலைவனான சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க, அதைத் திரும்பச் சொல்லி முறை சொல்லியும், வீட்டில் பெரியவர் முன் ஒப்பித்தும் பாடம் ஏறிய பிள்ளை, ஓலையைக் கையில் எடுக்கும்போது தெரிந்த ஒலிக்கு வடிவம் தேடுகிறது. மனப்பாடம் படிப்புக்குப் பதிலாக வந்ததன்று, அதுவே படிப்பின் கருவி. வாய்பாட்டு நூலான எண்சுவடியை முன்வைத்துக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு நினைவாற்றலைக் கற்றல் முறையாகவே காட்டியிருக்கிறார். எழுத்துக்கும் அது பொருந்தும் என்பதே நான் சேர்ப்பது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு திண்ணைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். ஆனால் மணலோடு அவர் படிப்பு முடியவில்லை. சுவடிகளை ஒருவர் உரக்க வாசிக்கக் கேட்பது அவருடைய அன்றாடப் பயிற்சியாக இருந்தது. வளர்ந்த, பல மொழி அறிந்த ஒருவருக்கே அந்தக் குரல் தேவைப்பட்டதென்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு தரம்பால் அச்சிட்ட ஆவணங்களுக்குள்ளேயே இருக்கிறது. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கையின்படி, ஆசிரியர் பல இடங்களிலிருந்து திரட்டிய கடிதங்களைக் கொடுத்து, பலவகைக் கையெழுத்துகளைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்கினார். மனப்பாடமில்லாத, முன்பின் கேளாத எழுத்தையும் படித்தார்கள் என்றுதானே ஆகிறது? ஆம், ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். பெல்லாரிப் பள்ளிகள் தெலுங்கும் கன்னடமும் கற்பித்தவை. தமிழைப்போல் ஒற்றையும் குறில் நெடிலையும் எழுத்தில் விட்டுவிடும் சிக்கல் அங்கே இந்த அளவுக்கு இல்லை. மேலும் கடிதமும் ஒப்பந்த முறியும் வாய்பாடு மாறாதவை. தொடக்கத்தைக் கண்டதுமே தொடர்ச்சி தெரிந்துவிடும் எழுத்துகள் அவை. அவற்றைப் படிப்பதும் நினைவின் வேலைதான். இதே அறிக்கையில் பிள்ளைகள் பொருள் புரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. பொருள் புரியாதது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அந்த ஒப்பித்தல் வீண் என்ற முடிவைத் தஞ்சைக்குப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் கேளாத பாடத்தைக் கண்ணாலேயே படிக்கும் வழக்கம் காவிரி டெல்டாவில் எப்போது வந்தது? கொள்ளிடத்துக்கு வடகரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்குத் தனிக்குறி வகுத்தார். தரங்கம்பாடியில் தமிழ் அச்சு 1713இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அச்சு வந்த ஆண்டும் அது பிள்ளையின் கைக்கு வந்த ஆண்டும் ஒன்றல்ல. 1835இல் அச்சுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகே மலிவுப் பாடநூல்கள் பெருகின. 1855இல் பிறந்த, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் நினைவுகூரும் பள்ளி இன்னும் மணலும் ஓலையும் முறை சொல்லுதலுமாகவே நடக்கிறது. அவர் இளம்பிள்ளையாக இருந்த அதே ஆண்டுகளில் கும்பகோணத்தில் 1854இல் தொடங்கிய அரசுப் பள்ளி கல்லூரியாக வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு படிப்பு முறைகளும் ஒரே வட்டாரத்துக்குள் ஒரு தலைமுறைக்கும் மேலாக அருகருகே நடந்திருக்கின்றன. மாற்றத்துக்கு 1850 என்றோ 1880 என்றோ ஓர் ஆண்டைக் குறிக்கும் துணிவு எனக்கில்லை. ஊருக்கு ஊர், ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு அது வேறுபட்டிருக்கும். அக்காலத் திண்ணைப் பள்ளிச் சுவடிகளை எடுத்து, எதில் புள்ளி இருக்கிறது, எதில் இல்லை என்று ஏடு ஏடாகப் பார்த்தால் இதைவிட உறுதியாகச் சொல்ல வாய்ப்புண்டு.