விரிவுரை மண்டபத்துக்கு வெளியே உருவான ஆசிரியர்கள்

புதிதாகச் சேரும் விரிவுரையாளர் ஒருவர் எப்போது உண்மையான பல்கலைக்கழக ஆசிரியராகிறார்? நியமனக் கடிதம் கிடைத்த நாளிலா? கலாநிதிப் பட்டம் பெற்ற நாளிலா? கண்டிக்கு அருகே பேராதனையில் பணியாற்றிய இருவரின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். ஆங்கில மரபு ஓங்கியிருந்த அச்சூழலில், தமிழ் கற்பிக்க வந்த இளைஞருக்கும் மதிப்பைத் தந்தது இலண்டன் பட்டமே. பத்துப்பாட்டை ஆராய்ந்து அப்பட்டத்தை 1950இல் பெற்றார் சு. வித்தியானந்தன். அத்துடன் அவர் நின்றிருக்கலாம்.

நிற்காமைக்கு முன்னுதாரணம் அவருடைய ஆசான் க. கணபதிப்பிள்ளை. சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதியான அவர், யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகம் எழுதினார். அவற்றை மேடையேற்றியவர் வித்தியானந்தன்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், சக ஆசிரியரான எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அடித்தளமான சிங்கள ‘நாடகம’ மரபு, தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அவ்வாறாயின் நமது கூத்து எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார் கிராமங்களை நாடினார். அண்ணாவிமாரை மதித்து, விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘நொண்டி நாடகம்’ 1963இலும் வந்தன. தொடர்ந்து வந்த ‘இராவணேசன்’ நாடகத்தில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் தாமே பேராசிரியராகி அம்மரபை வளர்த்தார்.

மற்றவர் க. கைலாசபதி. ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த அவர் 1961இல் பேராதனையில் விரிவுரையாளரானார். பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதையோடு ஒப்பிட்ட அவருடைய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளியாயிற்று. எனினும் பொது வாசகருக்கு எழுதுவதை அவர் கைவிடவில்லை. பத்திரிகைத் துறை தந்த அப்பழக்கமே ஈழத்தில் திறனாய்வைப் பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தது.

1974இல் யாழ்ப்பாண வளாகம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் கைலாசபதி; 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் வித்தியானந்தன்.

இன்று புதிய விரிவுரையாளருக்குப் பயிற்சிநெறிகள் உண்டு. பதவி உயர்வுக்குப் புள்ளிகளும் உண்டு. அவை தேவையே. ஆனால் தமது அறிவு யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கு அவை விடை தருவதில்லை. அதை அவ்விருவரும் கூத்துக் களரியிலும் பத்திரிகைப் பக்கத்திலும் தாமே தேடிக்கொண்டனர்.