கொடுத்த துப்பாக்கி திரும்பி வரலாமா?

ஒரு நாடு துப்பாக்கி செய்கிறது. போர்க்காலத்தில் அதைத் தன் நட்பு நாட்டுக்குக் கொடுக்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்து அந்த நட்பு நாடு, "இவை பழசாகிவிட்டன, உங்கள் ஊரிலேயே விற்றுக்கொள்ள அனுமதி கொடுங்கள்" என்று கேட்கிறது. செய்த நாடோ, "வேண்டாம்" என்று கதவைச் சாத்துகிறது. இப்படியும் நடக்குமா? நடந்தது. கேட்டது தென்கொரியா. மறுத்தது அமெரிக்கா. இந்த வாரக் கருத்துக்களத்தில் நாம் பேசப்போவது அந்தக் கதையைத்தான்.

கனடாவில் பிறந்தவர் கண்ட கருவி

துப்பாக்கியின் பெயர் எம்1 கேரண்ட். அதை வடிவமைத்தவர் ஜான் கேரண்ட். 1888-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடியேறியவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

அதுவரை சிப்பாய்கள் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். கேரண்டின் துப்பாக்கியில் அந்த வேலையே இல்லை. ஒரு தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தமே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். எட்டுத் தோட்டாக்களையும் விசையை இழுத்து இழுத்தே சுட்டு முடிக்கலாம். அமெரிக்க இராணுவம் இதை 1936-இல் ஏற்றுக்கொண்டது. போர்க்கருவிகளிலேயே ஆகச் சிறந்தது என்று ஜெனரல் பேட்டன் 1945-இல் பாராட்டி எழுதினார்.

உற்பத்தி நிறுத்தப்பட்ட 1950-களின் இறுதிக்குள் ஏறத்தாழ 54 லட்சம் கேரண்ட் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஆனால் கண்டுபிடித்தவருக்கு அவற்றிலிருந்து பங்குத் தொகை எதுவும் கிடைக்கவில்லை. உரிமையை அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு 1 லட்சம் டாலர் வழங்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாவும் நிறைவேறவில்லை.

கொரியாவுக்குப் போன கதை

1950 ஜூன் 25-ஆம் தேதி வடகொரியப் படை தெற்கே புகுந்தது. தென்கொரிய இராணுவத்துக்கு ஆயுதம் கொடுத்தது அமெரிக்கா. கேரண்ட் துப்பாக்கியின் எடை நான்கு கிலோவுக்கு மேல். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வந்த இளைஞர்களும் அதைத் தோளில் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள். 1953 ஜூலை 27-ஆம் தேதி போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. துப்பாக்கிகள் அங்கேயே தங்கிவிட்டன.

கேரண்டோடு போன இன்னொரு துப்பாக்கி எம்1 கார்பைன். சிறியது, எடை குறைந்தது. 15 அல்லது 30 தோட்டா கொள்ளும் பெட்டியைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இது நம் நாட்டுக்கும் புதியதல்ல. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், இங்கே போலீசாரும் தோட்டத்துத் துரைமார்களும் கார்பைன் வைத்திருந்தார்கள்.

1970-களில் தென்கொரியா எம்16 துப்பாக்கியைத் தன் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. பழைய துப்பாக்கிகள் துணைப்படையினரிடமும் கிடங்குகளுக்கும் போயின.

சீரா, இரவலா?

நம் வீடுகளில் பாத்திரம் இரண்டு வகையாக வெளியே போகும். மகளுக்குச் சீராகக் கொடுத்தது ஒன்று. பக்கத்து வீட்டுக்கு இரவலாகக் கொடுத்தது இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சீர் திரும்பி வராது. இரவல் திரும்பி வந்தாக வேண்டும். அமெரிக்கா தன் துப்பாக்கிகளையும் இப்படித்தான் கொடுத்தது. சில நாடுகளுக்கு உதவியாகவோ விலைக்கோ கொடுத்தது. சில நாடுகளுக்குக் கடனாகக் கொடுத்தது.

ஆனால் இந்தச் சீருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இப்படிப் பெற்ற ஆயுதத்தை அமெரிக்காவின் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது. ஆயுத ஏற்றுமதி பற்றிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இறக்குமதி செய்வதிலும் கட்டுப்பாடு இருந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இராணுவத்தின் பழைய துப்பாக்கிகளை உள்ளே விடவில்லை. 1984-இல் அது தளர்த்தப்பட்டது. சேகரிப்பாளர்கள் விரும்பும் துப்பாக்கிகளுக்கு வழி கிடைத்தது. 1980-களில் தென்கொரியாவிலிருந்து ஒரு பெருந்தொகுதி கேரண்ட் துப்பாக்கிகள் இறக்குமதியாளரின் பெயர் குழலில் பொறிக்கப்பட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

சாத்தப்பட்ட கதவு

2009-இல் தென்கொரியத் தற்காப்பு அமைச்சு மீதமிருந்த பழைய துப்பாக்கிகளை விற்கத் திட்டமிட்டது. கேரண்டும் கார்பைனுமாக 1 லட்சத்துக்கும் மேல். கிடைக்கும் பணம் இராணுவச் செலவுக்கு உதவும் என்பது கணக்கு. அமெரிக்கா முதலில் சம்மதித்தது. 2010-இல் மனம் மாறியது. இத்தனை துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால், தவறானவர்கள் கையில் போய்ச் சேரலாம் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சு காரணம் சொன்னது.

சேகரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். "எங்கள் அப்பாவும் தாத்தாவும் பிடித்த துப்பாக்கி இது. எட்டுத் தோட்டா மட்டுமே கொள்ளும் இந்த நீளமான துப்பாக்கியை மறைத்துக்கொண்டு எந்தத் திருடன் போவான்?" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் 30 தோட்டா கொள்ளும் கார்பைனுக்கு அந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. பழம்பொருள் என்றாலும் சுட்டால் உயிர் போகும்! அரசின் அச்சத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

2013 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அதிபர் ஒபாமாவின் அரசு அடுத்த அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுத்த இராணுவத் துப்பாக்கிகளைத் தனியார் திரும்ப இறக்குமதி செய்ய இனி அனுமதி இல்லை; அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2005 முதல் இப்படி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு அனுமதி கொடுத்திருந்ததாகவும் வெள்ளை மாளிகை அப்போது தெரிவித்தது.

திறந்தே இருந்த இன்னொரு கதவு

வேடிக்கை என்னவென்றால், அதே துப்பாக்கி இன்னொரு வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. குடிமக்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி அளிக்க 1903-இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது இலாப நோக்கமற்ற அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கடனாகப் போன துப்பாக்கிகளை அந்தந்த நாடுகள் அமெரிக்க இராணுவத்திடம் திருப்பிக் கொடுக்கும். இராணுவம் அவற்றை இந்த அமைப்புக்கு வழங்கும். பின்னணிச் சோதனைக்குப் பிறகு அவை குடிமக்களுக்கு விற்கப்படும். டென்மார்க்கிலிருந்தும் கிரீசிலிருந்தும் கேரண்டுகள் இப்படி வந்தன. 2018-ஆம் ஆண்டுவாக்கில் பிலிப்பீன்சிலிருந்து 80,000-க்கும் மேல் வந்து சேர்ந்தன.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு துப்பாக்கிகளைக் கற்பனை செய்து பாருங்கள். மணிலாவுக்குக் கடனாகப் போனது ஊர் திரும்பியது. சியோலுக்கு உதவியாகப் போனது கிடங்கிலேயே நின்றது. இந்த வேறுபாட்டைச் செய்தது துப்பாக்கியின் வயதல்ல, தரமல்ல. என்றோ ஓர் அதிகாரி காகிதத்தில் எழுதிய ஒரு சொல்!

யாருடைய வரலாறு?

இந்த விவாதம் முழுவதும் அமெரிக்கர்களின் குரலாகவே இருந்தது. ஒரு பக்கம் அவர்களுடைய மரபு. இன்னொரு பக்கம் அவர்களுடைய பாதுகாப்பு. அந்தத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே உயிர்விட்ட கொரிய இளைஞனை யார் நினைத்தார்கள்? அவனுடைய அரசாங்கத்துக்கும் அது விலைபோக வேண்டிய பழைய இரும்பாகத்தான் தெரிந்தது. துப்பாக்கி செய்த நாட்டுக்கு அதன் வரலாற்றில் எவ்வளவு பங்கு உண்டோ, அதைப் பிடித்துப் போரிட்ட நாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பதே என் கருத்து. எல்லாவற்றையும் வைத்துக் காக்க முடியாதுதான். ஆனால் விலை பேசும் முன்பு, எந்தத் துப்பாக்கி எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்றாவது குறித்து வைக்கலாம் அல்லவா?

நாடுகள் இன்றைக்கும் நட்பின் பெயரால் ஆயுதங்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கொடுக்கும் நாளில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அறுபது ஆண்டு கழித்து அவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் அன்றைக்கே கேட்டு எழுதி வைப்பது நல்லது. துப்பாக்கிக்கு ஆயுள் அதிகம். அதைக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் போன பிறகும் அது இருக்கும்.