மர வைத்தியருக்கு ஒரு தேர்வு

டில்லியில் நாம் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் வாயிலில் ஒரு வேம்பு நின்றது. தென்னாட்டிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அது நிழல் மரம் மட்டுமன்று. சித்திரையில் உதிரும் பூவை முறத்தில் வாரி, உலர்த்தி, ஆண்டு முழுவதும் ரசத்திற்கு வைத்துக்கொள்வோம். ஒரு கோடையில், மழைக்காலம் தொடங்கு முன்னர்க் கிளைகளைக் கழிக்க ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். அரை நாளில் வேலை முடிந்தது. பெருங்கிளைகளை அடிமரத்தோடு ஒட்டச் சீவினார்கள். காயங்களின்மேல் தார் பூசினார்கள். தூரைச் சுற்றிச் சிமெண்டால் அழகாக ஒரு வட்டமும் கட்டினார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு அம்மரம் பிளந்து விழுந்தது. அதன் அடியில் கட்டிலிட்டு உறங்கும் காவற்காரர் அன்று ஊருக்குப் போயிருந்தார். பிளந்த மரத்தின் உள்ளே பார்த்தோம். தார் பூசிய இடங்களிலிருந்து உட்புறமெல்லாம் உளுத்துப் பொடியாகிக் கிடந்தது.

வெட்ட வந்த அன்றே, இவர்களுக்கு இவ்வேலையைக் கற்பித்தவர் யார் என்று மேற்பார்வையாளரை வினவினோம். அவர் சட்டைப் பையிலிருந்து அனுமதி உத்தரவை எடுத்துக் காட்டினார். உத்தரவு முறையானதே. மரத்தின் பெயர் இருந்தது, சுற்றளவு இருந்தது. வெட்டுகிறவரைப் பற்றி மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

மருந்து கொடுப்பவருக்கும், வழக்காடுபவருக்கும், பள்ளியில் பாடம் சொல்பவருக்கும் தேர்வும் சான்றிதழும் உண்டு. மரத்திற்குச் சிகிச்சை செய்பவருக்கும் அவை வேண்டும் என்னும் எண்ணம் முதன்முதலில் எங்கே, எக்காரணத்தால் தோன்றிற்று என்று தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

சொற்களோடு போராடுவதே நம் தொழிலாதலின், பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தில் ஏறுபவருக்கும், மரத்தை அறுப்பவருக்கும், மரத்தை இழைப்பவருக்கும் தமிழில் பெயர் உண்டு. நிற்கும் மரத்தைப் பேணுபவருக்கு நிலைபெற்ற பெயர் இல்லை. ஆனால் அந்த அறிவு இந்நாட்டிற்குப் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருஹத் சம்ஹிதையில் மர வைத்தியத்திற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சுரபாலர் என்பார் விருக்ஷாயுர்வேதம் என்று தனி நூலே செய்து, மரங்களின் நோய்களையும் வாத பித்த கபம் எனப் பகுத்தார். சாஸ்திரம் இருந்தது, அதைக் கற்றவர் இவர், கல்லாதவர் இவர் என்று பிரித்துக் காட்டும் ஏற்பாடுதான் இல்லை. ஆதலின் 'மர வைத்தியர்' என்ற பெயரையே ஈண்டு வழங்குவோம்.

அப்பெயருக்கு இசைந்த தலைப்பிலேயே 1901ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜான் டேவி. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1846இல் ஓர் எளிய குடியில் பிறந்து, இளமை கடந்த பின்னரே எழுத்தறிந்தவர். ஒஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் இடுகாட்டு நிலம் ஒன்றைப் பராமரிக்கும் பணியில் இருந்தபோது அங்குள்ள மரங்களைக் கண்டு கண்டு கற்றார். காடு வளர்ப்பது வேறு, தெருவோரத்தில் நிற்கும் ஒற்றை மரத்தைக் காப்பது வேறு என்பது அவர் கண்ட உண்மை. மரத்தில் பொந்து விழுந்தால், உளுத்த பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் கலவையால் அடைப்பது அவர் கையாண்ட சிகிச்சைகளுள் ஒன்று. பல் வைத்தியர் சொத்தைப் பல்லை அடைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தம் ஆட்களுக்கு முறையாகக் கற்பிக்கப் பள்ளியும் அமைத்தார். அவர் குடும்பத்தார் 1909இல் நிறுவிய கம்பெனி இன்றும் நடக்கிறது. அவர் மகன் பிற்காலத்தில் அம்மாநிலத்தின் கவர்னராகவே ஆனார். மரம் வளர்த்தவர் வீட்டுக்கு இது போதாதா!

இதற்கிடையே ஒரு பேரிடர் வந்தது. ஆசியாவிலிருந்து சென்ற ஒரு பூசண நோய் 1904இல் நியூயார்க் நகரத்து விலங்குக் காட்சிச் சாலையின் செஸ்ட்நட் மரங்களில் காணப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிழக்கு அமெரிக்காவின் செஸ்ட்நட் காடுகளை அது அடியோடு அழித்தது. மடிந்த மரங்களை 300 முதல் 400 கோடி வரை என மதிப்பிடுவர். நோய் பரவும் இடத்தில் போலி வைத்தியர் பெருகுவது உலக இயல்பு. அடிமரத்தில் துளையிட்டு ஏதோ ஒரு திரவத்தைச் செலுத்திவிட்டு, இனி அச்சமில்லை என்று பணம் பெற்றுப் போவோர் ஊரூராகத் திரிந்தனர். மரம் மெல்லச் சாகும் இயல்புடையது. இன்று செய்த தவறு ஐந்தாண்டு கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் வைத்தியர் வேறு ஊர் போயிருப்பார். மனித நோயாளி 'வலிக்கிறது' என்றாவது சொல்வான். மர வைத்தியருக்குத் தேர்வு வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் வலிய காரணம் வேறில்லை.

கனெக்டிகட் என்னும் சிறிய மாநிலம் 1919இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. கூலி பெற்றுப் பிறர் மரத்திற்குச் சிகிச்சை செய்ய முன்வருவோர் அரசாங்கத் தேர்வில் தேறி உரிமம் பெறுதல் வேண்டும் என்றது அச்சட்டம். தன் வீட்டு மரத்தைத் தானே கழிப்பவரை அது தொடவில்லை. மாநில வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் தாவர இயலார், பூச்சியியலார், வனவியலார் ஆகியோர் தேர்வுக் குழுவினராயினர். அக்குழுவின் முயற்சியாலேயே 1924இல் நிழல் மரங்களைப் பற்றிய முதல் மாநாடு கூடிற்று. வந்தவர் ஐம்பதுக்கும் குறைவு. அச்சிறு கூட்டமே வளர்ந்து, பல நாட்டு மர வைத்தியர்களின் சர்வதேசச் சங்கமாக இன்று விளங்குகிறது.

இவ்வளவோடு கதை இனிதே முடிந்தது என்று சொல்ல இயலாது. உரிமம் பெற்றவர் கற்ற பாடத்திலேயே பிழை இருந்தது. பொந்தில் அடைத்த சிமெண்ட் மரம் காற்றில் அசையும்போது உடன் அசையாது, உள்ளே உராயும், ஈரத்தைத் தேக்கும். கிளையை அடிமரத்தோடு ஒட்டச் சீவுவதும், காயத்திற்குத் தாரோ சாயமோ பூசுவதும் நெடுங்காலம் நல்ல முறைகளாகவே போதிக்கப்பட்டன. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் ஆராய்ச்சியாளர், மோட்டார் ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தார். அதுவரை பெரும்பாலோர் குறுக்கே அறுத்தே பார்த்தனர்; காயம் உள்ளே மேலும் கீழும் பரவும் வழி குறுக்கு வெட்டில் முழுவதும் புலப்படாது. அவர் கண்டது இது: நம் தோலைப்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியை மரம் நாற்புறமும் சுவர் எழுப்பித் தனியே அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரமாக வளர்கிறது. கிளை புறப்படும் இடத்தில் வளையல்போலத் தடித்திருக்கும் பகுதி அச்சுவரின் தலைவாசல். ஒட்டச் சீவினால் அவ்வாசலையே பெயர்த்து எறிகிறோம். பூச்சோ உளுப்பைத் தடுப்பதில்லை. 1977இல் இக்கொள்கை நூலாக வெளிவந்தபோது, பல்லாண்டு பட்டறிவுடையோர் பலர் ஏற்கத் தயங்கினர். தம் கையாலேயே எத்தனை மரங்களைக் கெடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பது எளிதா?

மேற்சொன்ன சர்வதேசச் சங்கம் 1992இல் சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியபோது, சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லாது என்று விதித்தமை நமக்குப் பெரிதாகப் படுகிறது. சில ஆண்டு நேரடிப் பட்டறிவு உடையவரே தேர்வெழுதலாம். தேறினாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, இடையில் புதிதாகக் கற்றவற்றைக் காட்டியோ மறுபடி எழுதியோ புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பட்டம் ஒருமுறை பெற்றால் பணிமூப்பு வரை கவலையில்லை என்று பழகிய நம்போன்றோர்க்கு இது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம்.

இனி டில்லிக்கு வருவோம். புதுத் தலைநகர் எழுந்த காலத்தில், 1919இல் இங்கு வந்த மஸ்டோ என்னும் தோட்டக்கலை வல்லுநர், கட்டிடங்கள் முடியு முன்னரே சாலைகளுக்கு மரம் வளர்க்கத் தொடங்கினார். அக்பர் சாலையின் புளியமரங்களும், அசோகா சாலையின் நாவல் மரங்களும் அந்நாளைய திட்டத்தின் வழிவந்தவை. ஊர் நினைவு வரும் மாலைகளில் நாம் நடக்கும் சாலைகள் அவை. அம்மரங்கள் இன்று நூறாண்டை எட்டும் முதியவை. முதியவருக்குத்தான் தேர்ந்த வைத்தியர் வேண்டும். டில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994இல் வந்தது. அனுமதியின்றி மரத்தை வெட்டினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது. மரங்களின் தூரைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமெண்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. எதை வெட்டலாம், எங்கே சிமெண்ட் கூடாது என்பதற்கு விதி கிடைத்தது. ரம்பத்தைப் பிடிக்கும் கைக்கு விதி இன்னும் இல்லை. அந்தக் கைக்கு உரியவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கயிறும் கோடரியுமாக, காப்பீடும் தலைக்கவசமும் இன்றி, நாற்பதடி உயரத்தில் நாட்கூலிக்கு நிற்பவர் அவர். தேர்வு என ஒன்று இருந்து, அவர் தாய்மொழியிலேயே அது நடந்து, தேறியவருக்குக் கூலியும் உயருமானால், முதலில் எழுத வருபவர் அவராகவே இருக்கக்கூடும்.

எங்கள் வேம்பு நின்ற இடத்தில் சிமெண்ட் வட்டம் இன்னும் உடையாமல் இருக்கிறது. நடுவிலிருந்த அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு, சென்ற மழைக்காலத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டார்கள். காவற்காரர் காலையில் ஒரு வாளி நீர் ஊற்றுகிறார். ஒரு சாண் உயரம் ஏறியிருக்கிறது.