மரத்தில் வெட்டிய தமிழ் எழுத்து

பொண்ணுக்குப் பேர் தென்றல். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும்தான். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. அவள் பெயரையாவது தமிழில் தெரிந்துகொள்ளட்டுமே என்று, எழுத்துகளைத் தனித்தனியாக எடுத்துக் குழியில் வைத்து விளையாடும் மரப்பலகை ஒன்று செய்துவாங்க, தம்பானூர் சந்து ஒன்றில் இருக்கும் ஆசாரியிடம் போனேன்.

அவரிடம் ஸ்க்ரோல் சா இருக்கிறது. நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடும். பலகையைத்தான் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுத்தெழுதிய தாளைப் பலகையில் ஒட்டி, ஓரமாக ஒரு துளை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து அறுக்கிறார். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி தேசப்படங்களை மரத்தில் ஒட்டி அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் படிக்க விற்றாரே, அதே வேலைதான்.

இங்கிலீஷ் பெயர் என்றால் கால் மணி நேரம். தமிழில்தான் வம்பு. "குத்து வேண்டா சாரே, குட்டி விழுங்கும்" என்றார். குத்து என்றால் புள்ளி. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் புள்ளி போனால் 'தெனறல' ஆகிவிடுமே! பேங்க்காரனுக்குப் பெயரில் எழுத்துப்பிழை என்றாலே ஆகாது.

புள்ளி நம்மவர்களையே படுத்தியதுதான். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். எகர ஏகாரக் குழப்பத்தைப் பிற்பாடு வீரமாமுனிவர் தீர்த்துவைத்தார்.

அவர் பிறந்தது 1680. அதற்கு முந்தின வருஷம், 1679-இல், இதே கேரளத்தில் சாலக்குடி பக்கம் அம்பழக்காட்டில் ஒரு தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அச்சானது. தொகுத்தவர் அந்தாம் தெ புரோயென்சா என்ற ஏசு சபைப் பாதிரியார், 1666-லேயே இறந்துவிட்டார். சொற்கள் 16,000-க்கும் மேல். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அது வெறும் 16 பக்கம். அகராதி எவ்வளவு பெரிய வேலை! அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த அகராதிக்கான தமிழ் எழுத்துகளை மரத்தில் வெட்டியவர் இந்த மண்ணின் ஆள் ஒருவர் என்று, நூறு வருஷம் கழித்துக் கேரளத்தில் இருந்த பவுலினோஸ் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அச்சுக்கு என்பதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். என் ஆசாரிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அகராதியின் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகள் அதைப் பதிப்பிக்க, 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

எழுத்து வெட்டியவர் பெயரைப் பவுலினோஸ் இலத்தீனில் 'இக்னேசியஸ் ஐச்சாமோனி' என்று எழுதியிருக்கிறார். ஐச்சாமணியா, ஐயாச்சாமியா? அத்தனை தமிழ் எழுத்தை வெட்டியவர், தன் பெயரை எப்படி எழுதியிருப்பார்? இலத்தீன் எழுத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பது! ஆசாரி கடையில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் மண்டையைக் குடைந்தது.

கடைசியில் ன், ல் இரண்டுக்கும் கட்டையைக் கொஞ்சம் உயரமாக விட்டு, எழுத்துக்கு மேலே டிரில்லில் ஒரு துளை போட்டோம். அதுதான் புள்ளி. 'தெ' ஒரே துண்டு. கொம்பைத் தனியாக அறுக்க நான் விடவில்லை.

தென்றல் இப்போது 'ற'-வை மட்டும் தலைகீழாக வைக்கிறாள். புள்ளித் துளையில் சுண்டுவிரலை விட்டுத்தான் 'ல்'-லைத் தூக்குகிறாள்.