வங்கத்துக் காந்தாவும் 1943ஆம் ஆண்டின் குழந்தைகளும்

வங்கப் பெண்டிர் பழந்துணியைக் கொண்டு தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். வடமொழியில் 'கந்தா' என்றால் கந்தல் துணி. நம் தமிழில் வழங்கும் 'கந்தை'யும் அதற்கு உறவு எனலாம். மத்திய சர்க்கார் அலுவலில் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, இரு நாடுகளில் ஒரு சொல் இருவேறு வாழ்வு வாழ்வதைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நம்மவரிடையே கந்தை வறுமையின் அடையாளமாகவே நின்றுவிட்டது. வங்கத்திலோ அது கலையாயிற்று.

காந்தாவிற்குப் புதுத்துணி வேண்டுவதில்லை. உடுத்து உடுத்து மென்மையுற்ற சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போடுவர். நடுவே தாமரை; மூலைகளில் மரம்; இடையில் மீன், யானை, பல்லக்கு, தேர் என்று தைப்பவளின் மனம் போனவாறு உருவங்கள் அமையும். பிறந்த குழந்தையை முதன்முதலாகப் போர்த்துவதும் இத்தகைய பழந்துணியே. பாட்டியின் பழஞ்சேலையில் தூளி கட்டி வளர்ந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கொல்கத்தாவின் தென்கோடியில், ஜோகாவில், குருசதய் அருங்காட்சியகம் உள்ளது. ஐ.சி.எஸ். அதிகாரியாயிருந்த குருசதய் தத்தர் (1882–1941) ஜில்லா ஜில்லாவாகச் சுற்றித் திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்கள் அங்கே காக்கப்படுகின்றன. காந்தாக்களே அவற்றுள் பெருஞ்செல்வம். மானதசுந்தரி தாசி என்பாள் தன் தந்தைக்குக் காணிக்கையாகத் தைத்த 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று அவற்றுள் புகழ் பெற்றது. தன் பெயரையும் அதில் அவள் நூலாலேயே எழுதிவிட்டாள். அக்காலத்துப் பெண்ணொருத்தியின் கையெழுத்து கல்லிலும் ஏட்டிலும் கிடைப்பது அரிது, துணியில் கிடைக்கிறது.

காந்தா துயரத்தையும் தாங்கும் என்பதை வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் நெடுங்கவிதை காட்டுகிறது. கணவனைப் பிரிந்த பெண், தங்கள் இருவர் கதையையும் போர்வையில் தைத்து, தன் கல்லறைமேல் அதனை விரிக்குமாறு சொல்லி இறக்கிறாள். இது கவிஞர் புனைந்த கதையேயாயினும், படித்தவர் பலர் நடந்ததென்றே நம்பும் அளவிற்கு வங்க மனத்தோடு ஒட்டியது.

பிற நாட்டாரும் துணியை நினைவுச் சின்னமாக்கியிருக்கின்றனர். அமெரிக்காவில் ஜஸ்டின் மெரிட் என்ற ஆசிரியை, அணுகுண்டுப் போரில் எதனை இழக்க மனம் ஒப்பாதோ அதனைத் துணியில் தைக்குமாறு பலரை வேண்டினார். ஆயிரமாயிரம் கைகள் தைத்தன. பலர் தம் குழந்தைகளின் பெயர்களையே தைத்தனர். அத்துண்டுகள் ஊர்தோறும் காட்டப்பட்டுப் பின்னர் ஒன்றாய் இணைக்கப்பட்டு, ஹிரோஷிமா அழிந்த 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1985 ஆகஸ்டு 4ஆம் நாள் அந்நாட்டு இராணுவத் தலைமையகத்தைச் சுற்றி நின்றன. மைல் கணக்கில் நீண்ட நாடா அது.

இத்தகைய போர்வை ஒன்று வங்கத்தில் 1943ஆம் ஆண்டின் குழந்தைகளுக்காக ஏன் தைக்கப்படவில்லை என்னும் கேள்வி, அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்த பின்னும் நம்மை விடவில்லை.

அவர்கள் போரில் மாண்டவர்களா என்று சிலர் ஐயுறக்கூடும். கல்கத்தாவின்மீது ஜப்பானியர் 1942 டிசம்பரில் வீசிய குண்டுகளால் இறந்தோர் தொகை பெரிதன்று. ஆனால் போர் வேறு வழியாகவும் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. பகைவர் கையில் சிக்கலாகாது என்று கடலோர ஜில்லாக்களின் அரிசியைச் சர்க்கார் அகற்றிற்று. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் பறித்தது. படகின்றி அவ்வாற்று நாட்டில் மீன்பிடிப்பும் இல்லை, வாணிகமும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அழித்தது. கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 1942 டிசம்பரில் 13, 14 ரூபாயாக இருந்தது. அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாயாயிற்று. தலைநகரின் போர்த்தொழிற்சாலைகளில் உழைத்தோருக்கு மலிவு விலையில் அரிசி வழங்கப்பட்டது. கிராமத்துக் கூலியாள் கைவிடப்பட்டான். அக்குழந்தைகளைப் போர் கொன்றது என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

பிழைக்க வழியற்றோர் நகருக்கு நடந்தனர். அவர்கள் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டனர். 'ஃபேன் தாவ்' என்று வாசல்தோறும் எழுந்த குரலை அக்காலத்தவர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் நடைபாதைப் படங்களை வெளியிட்ட பிறகே உலகம் விழித்தது.

இவ்விடத்தில் தொழில் பற்றிய ஒரு குறிப்பு. அக்காலச் சர்க்கார் வங்கத்தில் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவேயில்லை. அறிவித்தால் பஞ்சக் கால விதிகளின்படி உதவ வேண்டியிருக்கும். வீதியில் கிடந்தோருக்குக் கோப்புகளில் வழங்கிய ஆங்கிலச் சொல் 'டெஸ்டிட்யூட்' என்பது. அதனை 'ஆதரவற்றோர்' என்று பெயர்த்து மேலே செல்வது நம் போன்றோர் வழக்கம். எத்தனை முறை அவ்வாறு எழுதியிருப்போம்! ஆதரவு தாமாகப் போயிற்றா, எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவசரச் சட்டம் ஒன்றின் துணைகொண்டு அவர்களை நகரிலிருந்து அப்புறப்படுத்தினர். அதில் தாயும் பிள்ளையும் பிரிந்ததும் உண்டு.

பெயர்கள் அழிந்த கதை இன்னும் கொடியது. கிராமங்களில் பிறப்பு இறப்புகளைச் சொல்ல வேண்டியவன், நம் ஊர்த் தலையாரியைப் போன்ற சௌக்கிதார். பட்டினியில் சௌக்கிதார்களும் இறந்தனர். பலர் ஊரை விட்டுப் போயினர். எனவே விசாரணைக் கமிஷன் 1945இல் 15 லட்சம் பேர் இறந்தனரென்று கணக்கிட்டது. அமார்த்ய சென் பின்னர் 30 லட்சத்தையொட்டிக் கணக்கிட்டார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 15 லட்சம் உயிர்களும் கணக்கறிஞரின் வாதத்தில் நிற்கின்றன. போர்வையில் தைப்பதற்கு எண் உதவாது; பெயர் வேண்டும்.

துணியும் வேண்டும். பஞ்சத்தையொட்டி வங்கத்தில் துணிப்பஞ்சமும் மூண்டது. உடுக்கத் துணியின்றி வீட்டை விட்டு வெளிவரமாட்டாத பெண்களைப் பற்றி மாணிக் பந்த்யோபாத்யாயர் எழுதிய சிறுகதைக்குத் துச்சாதனன் பெயரையொட்டித் தலைப்பிட்டார். பாஞ்சாலிக்குக் கண்ணன் துணி அளித்தான். இவர்களுக்கு அளிப்பார் இல்லை. காந்தாவுக்குப் பேர்போன ஜெசூர், குல்னா, ஃபரீத்பூர் முதலிய ஜில்லாக்களின் ஏழைப் பெண்களிடம் அடுக்கித் தைக்கப் பழஞ்சேலை ஏது? இருந்த ஒன்றும் உடம்பில் இருந்தது.

ஹூக்ளிக் கரையில், பிரின்ஸெப் கட்டத்தை அடுத்து, முதல் உலகப் போரில் மாண்ட 896 லஸ்கர்களுக்கு, அதாவது கப்பல் தொழிலாளருக்கு, 1924இல் எழுப்பிய மண்டபம் இன்றும் நிற்கிறது. இரண்டாம் போர் வங்கத்தில் பலிகொண்ட குழந்தைகளுக்கு அத்தகைய கல் இல்லை.

துணி இல்லாத இடத்தில் காகிதம் ஓரளவு அவ்வேலையைச் செய்தது. ஜைனுல் ஆபிதீன் மலிவான காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்தார். சித்தபிரசாத் 1943 நவம்பரில் மேதினிப்பூரில் சுற்றி, தாம் கண்டவர்களை வரைந்து, பலருடைய பெயரையும் உடன் குறித்தார். வங்க நாடகக் குழுவினரும் பாடகரும் பம்பாய் முதலிய ஊர்களுக்குச் சென்று, பட்டினியைப் பாடி நிதி திரட்டினர். ஊர் ஊராகச் சென்ற போர்வை என்று எதையேனும் சொல்லலாமெனில் இதனைச் சொல்லலாம். சித்தபிரசாதின் 'பசித்த வங்கம்' என்னும் சிறு நூலைச் சர்க்கார் பறிமுதல் செய்து எரித்தது. 5,000 பிரதிகள் என்பர். குடும்பத்தார் காத்துவைத்த ஒரு பிரதியைக் கொண்டு 2011இல் அது மீண்டும் அச்சேறிற்று.