மடிக்கும் திரை லேப்டாப்: பயணத்துக்குக் கைகொடுக்குமா? வாங்கும் முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இல் தொடங்கப்பட்ட நகரம் திருவனந்தபுரம். பணி நிமித்தமாக அடிக்கடி ரயிலிலும் விமானத்திலும் செல்லும் மென்பொருள் பணியாளர்கள் இங்கு ஏராளம். பெரிய திரையும் வேண்டும், சிறிய பையும் போதும் என்ற அவர்களது தேவைக்கு விடையாக முன்வைக்கப்படுவதே மடிக்கும் திரை கொண்ட லேப்டாப். ஆனால் இதன் விலை, நல்ல லேப்டாப் மூன்றினை வாங்கும் அளவுக்கு உள்ளது. அந்தத் தொகைக்கு ஏற்ற பயன் கிடைக்குமா என்பதே கேள்வி.

மடிப்புத் திரை லேப்டாப் என்றால் என்ன?

லெனோவோ நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்திய திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்ட், இவ்வகையில் முதலாவது கணினி. அதன் திரை 13.3 அங்குலம். அடுத்து வந்த ஆசுஸ் ஜென்புக் 17 ஃபோல்ட் ஓஎல்இடி, 2022 நவம்பரில் 3,29,990 ரூபாய் விலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இதன் திரை விரித்தால் 17.3 அங்குலம், நடுவில் மடித்தால் ஒவ்வொரு பாதியும் 12.5 அங்குலம். விசைப்பலகை தனியாக வருகிறது; புளூடூத் மூலம் இணைகிறது. தேவைக்கேற்ப டேப்லெட், லேப்டாப், மேசைக் கணினி என மூன்று விதமாகவும் பயன்படுத்தலாம்.

அளவு குறைகிறது, எடை குறைவதில்லை

மடித்த நிலையில் ஜென்புக் ஃபோல்ட் ஏறத்தாழ 29 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் கொண்டது. ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தின் இடமே போதும். எனினும் எடை சுமார் 1.5 கிலோ, விசைப்பலகையுடன் 1.8 கிலோ. உள்நாட்டு விமானங்களின் எகானமி வகுப்பில் கைப்பைக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 7 கிலோவில் நான்கில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். சாதாரண 11 அங்குல டேப்லெட்டின் எடை ஏறக்குறைய அரை கிலோ மட்டுமே. எனவே படுத்தபடி கையில் பிடித்து நீண்ட நேரம் படிக்க இது ஏற்றதல்ல.

ரயிலிலும் விமானத்திலும்

திருவனந்தபுரம்–காசர்கோடு வந்தே பாரத் ரயில் 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பயண நேரம் சுமார் 8 மணி. இத்தகைய பயணத்தில் முன்னிருக்கையின் பின்புற மடிப்பு மேசையே பணியிடம். 38 செ.மீ. அகலமுள்ள முழுத் திரையைத் தாங்குகாலில் நிறுத்தி, முன்னால் விசைப்பலகையும் வைக்க அங்கு இடம் போதாது. பாதி மடித்து, கீழ்ப்பாதியின் மேல் விசைப்பலகையை வைத்தால் பணி நடக்கும். அப்போது கண்ணுக்குக் கிடைப்பது 12.5 அங்குலத் திரையே. ஆக, பெரிய திரையின் பயன் வழியில் அல்ல, விடுதி அறையின் மேசையில்தான் கிடைக்கிறது.

மின்கலத்தின் திறன் 75 வாட்-மணி. சராசரியாக 10 வாட் செலவானால் ஏழரை மணி நேரமும், திரை ஒளியைக் கூட்டி 15 வாட் செலவானால் 5 மணி நேரமும் தாங்கும். விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டு செல்லக்கூடிய 100 வாட்-மணி வரம்புக்குள் இது அடங்குகிறது. சாதனத்தைக் கைப்பையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. பவர் பேங்கைச் சரக்குப் பையில் வைக்கக் கூடாது.

கீலும் திரையும் தாங்குமா?

கீலை 30,000 முறை திறந்து மூடிச் சோதித்ததாக ஆசுஸ் கூறுகிறது. நாளொன்றுக்கு 20 முறை என்றால் இது நான்கு ஆண்டுகளுக்கு மேல் வரும். கண்ணாடியைப் போல் கடினமற்ற மேற்பரப்பு என்பதால், கூரிய பொருள் பட்டால் கீறல் விழும். கோவளம், வர்க்கலா போன்ற கடற்கரைகளின் நுண்மணல் கீலுக்குள் புகுந்தால் மடிக்கும்போது திரையை அழுத்திச் சேதப்படுத்தக்கூடும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீர் புகாத உறை அவசியம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* திரைக்கும் கீலுக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டுகள், கீறல் அதில் அடங்குமா என எழுத்தில் பெற வேண்டும்.
* உத்தரவாதம் முடிந்தபின் திரை மாற்றும் செலவையும், அதைச் செய்யும் சேவை மையம் உள்ளூரில் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.
* ஜென்புக் ஃபோல்டில் உள்ள யூஎஸ்பி போர்ட்டுகள் இரண்டும் டைப்-சி வகையே. பென் டிரைவ், புரொஜெக்டர் இணைக்கத் தனி அடாப்டர் தேவை.
* கடையில் விசைப்பலகையுடன் அரை மணி நேரமாவது தட்டச்சு செய்து பார்க்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

சுமார் 1.3 கிலோ எடையுள்ள 14 அங்குல லேப்டாப்பும், முக்கால் கிலோ அளவிலான கையடக்க மானிட்டரும் சேர்ந்தால் எடை 2 கிலோவைச் சற்றே தாண்டும். செலவோ இதில் பாதிக்கும் குறைவு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று மிஞ்சும். பல நாட்கள் விடுதிகளில் தங்கி வரைபடம், வடிவமைப்பு, பெரிய அட்டவணைகளுடன் பணிபுரிவோருக்கு மடிப்புத் திரை பயன் தரும். பயணத்தின்போதே பெரும்பகுதிப் பணியை முடிப்போருக்கு எடை குறைந்த சாதாரண லேப்டாப்பே சிக்கனமானது, நம்பகமானது.