பட்டறைக்கும் பட்டத்துக்கும் இடையில்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்தொழிற் பயிலுநர் கல்வியின் வரலாறு

1971ஆம் ஆண்டில் இலங்கையின் தொழில்நுட்பக் கல்வியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குள் நுழையத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழி மாணவர் 227 புள்ளிகளும் எடுக்க வேண்டும் என்றாயிற்று. தரப்படுத்தல் என்ற சொல் அன்றிலிருந்து எங்கள் அரசியல் அகராதியில் நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் 49ஆம் இலக்க தேசிய பயிலுநர் சட்டமும் நிறைவேறியது. வேலைத்தலத்தையே வகுப்பறையாகக் கொண்டு இளைஞரைப் பயிற்றுவிக்க ஒரு சபையை அமைத்தது அந்தச் சட்டம். இதை யாழ்ப்பாணம் அநேகமாக மறந்துவிட்டது.

மறந்ததற்குக் காரணம் இருந்தது. பொறியியலாளர் ஆவதற்குப் பரீட்சை மண்டபத்தின் வாசல் ஒன்றே வழி என்று நம்பிய சமூகத்துக்கு, அந்த வாசல் ஒடுங்கியபோது வேறெதுவும் கண்ணில் படவில்லை. அநீதியை எதிர்த்தது முற்றிலும் நியாயம். ஆனால் பட்டறையிலிருந்து பட்டத்துக்குப் போகும் இன்னொரு வாசலைத் திறக்கச் சொல்லி அன்று வலுவாகக் குரல் எழவில்லை என்பதையும் வரலாற்றில் பதிய வேண்டியிருக்கிறது.

தகைமை பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவர், வேலையை விடாமல், சம்பளத்தோடு, அந்த வேலையையே பாடத்தின் பாதியாக்கிப் பொறியியற் பட்டம் பெறும் முறைக்கு உலகில் இன்று பட்டப் பயிலுநர் கல்வி என்று பெயர். இங்கிலாந்தில் அது 2015இல் தொடங்கியது. குடாநாட்டில் அதற்கு வேண்டிய உறுப்புகள் எப்போது உருவாயின, எப்போது இல்லாமற் போயின, இப்போது எங்கே கிடக்கின்றன என்று தேடுவதே இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொடுக்கக்கூடிய ஆலை எங்களிடம் இருந்த காலத்தில் பட்டத்துக்கு ஏறும் படி இருக்கவில்லை. படி வந்தபோது ஆலை இல்லை.

சூளை கற்றுக்கொடுத்த காலம்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். சுண்ணக்கல் ஆலையின் பக்கத்திலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. குடாநாட்டின் எல்லைக்குச் சற்று வெளியே, பரந்தனில், ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் எழுந்தது.

இந்த இரண்டையும் பொருளாதார வரலாற்றில் பலர் எழுதியிருக்கிறார்கள். கல்வி வரலாற்றிலும் அவற்றுக்கு இடம் உண்டு என்பது என் வாதம். வீட்டுக்கு வயரிங் செய்பவருக்கு விளக்கு, சுவிச், பிளக், ஓர் உருகி தெரிந்தால் போதும். சீமெந்து ஆலையின் மின்வேலை வேறு. கல்லுடைக்கும் இயந்திரமும் அரைக்கும் ஆலையும் சுமையோடு புறப்பட வேண்டியவை. அத்தகைய பெரிய மோட்டரை நேரே மின்னில் தொடுத்தால் ஓட்டம் பல மடங்கு பாய்ந்து முழு வலையமைப்பையும் உலுக்கிவிடும். அதற்காகச் சுழலியில் தடையைச் சேர்த்துப் படிப்படியாக வேகமேற்ற வேண்டும். சுழல் சூளைக்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே ஆயிரம் பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும்போது மின் நின்று சூளையும் அசையாமல் நின்றால், அதன் உருக்கு உடல் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். ஆகவே பிரதான மின் போன கணத்தில் துணை இயக்கியால் அதை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பரந்தனில் பிரச்சினை வேறு விதம். உப்புக் கரைசலை மின்பகுப்புச் செய்ய மிகப் பெரிய நேரோட்டம் வேண்டும். மாறுதிசை மின்னைத் திருத்திக் கொடுப்பதே அங்கு ஒரு தனித் துறை.

இவற்றில் எதையும் கரும்பலகையில் முழுதாகக் கற்பிக்க முடியாது. கோட்பாடு தெரியாதவரால் கையால் மட்டும் கற்கவும் முடியாது. பட்டப் பயிலுநர் கல்விக்கு வேண்டிய மண் இதுதான்.

படி ஏன் இருக்கவில்லை? கொழும்பு மருதானையில் 1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்தே இலங்கையின் தொழில்நுட்பக் கல்வி மூன்று தட்டாக வளர்ந்தது. பொறியியற் பட்டத்துக்கு 1950இல் பீடம் வந்தது; அது 1964இல் பேராதனைக்குப் போயிற்று. நடுத்தர தொழில்நுட்பவியலாளருக்காகக் கட்டுபெத்தையில் 1960இல் கனேடிய உதவியுடன் ஒரு நிறுவனம் வந்தது. இன்று மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருப்பது அதுவே. கைவினைஞருக்குக் கொக்குவில் போன்ற ஊர்களில் தொழில்நுட்பக் கல்லூரிகள். ஒவ்வொரு தட்டுக்கும் தனி வாசல், தனிப் பரீட்சை. சூளைக்குப் பக்கத்தில் மூன்று தட்டினரும் தோளோடு தோள் நின்றார்கள். ஆனால் கீழ்த் தட்டில் நுழைந்தவர் மேல் தட்டுக்கு ஏற உள்ளே படிக்கட்டு இல்லை. இலண்டன் சிற்றி அன்ட் கில்ட்ஸ் சான்றிதழ்ப் பரீட்சைகள் போன்றவற்றை இரவில் விளக்கடியில் இருந்து படித்து ஏறியவர்கள் உண்டு. அது அவர்களின் தனி முயற்சியே அன்றி, நாடு வகுத்துக் கொடுத்த வழி அன்று.

1971இன் பயிலுநர் சபையால் இந்தப் படியைக் கட்டியிருக்க முடியும். அதன் ஏற்பாட்டில் கைவினைப் பயிலுநரும் தொழிற்சாலைக்குப் போனார். பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் மாணவரும் கைத்தொழிற் பயிற்சிக்காகச் சிறப்புப் பயிலுநராக அதே தொழிற்சாலைக்குப் போனார். ஒரே சபை, ஒரே பட்டறை, ஒரே மோட்டர். ஆனால் முதலாமவரின் பயிற்சிக் குறிப்பேடு சான்றிதழோடு முடிந்தது. இரண்டாமவரின் குறிப்பேடு பட்டத்தில் சேர்ந்தது. இந்த இரண்டு குறிப்பேடுகளையும் இணைக்கும் விதி எழுதப்படவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 1972இல், ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் டைம்லர்-பென்ஸ், பொஷ், எஸ்.ஈ.எல். ஆகிய நிறுவனங்கள் கூடி, வேலையும் உயர்கல்வியும் மாறி மாறி வரும் ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. 1974இல் அது தொழிற்கல்விக் கழகமாகி, 2009இல் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தின் இரட்டைமுறை உயர்கல்வி நிறுவனமாக நிமிர்ந்தது. அங்கே தொழிற்சாலைகள் முன்வந்து கேட்டன. இங்கே தொழிற்சாலை அரசுடையது, அரசு கேட்கவில்லை.

1990

வரலாற்றின் சில ஆண்டுகளில் நிகழ்வுகள் கொடுமையாக ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 1990இல் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம் வந்தது. பழைய பயிலுநர் சபை தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாக மாறியது. தொழிற்கல்வி முழுவதையும் ஒழுங்குபடுத்த ஓர் ஆணைக்குழுவும் பிறந்தது. பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் அத்திவாரம் அந்தச் சட்டம். அதே 1990இல் போர் மீண்டும் மூண்டு காங்கேசன்துறை ஆலை நின்றது. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரமும் நின்றது.

பின்வந்த இருண்ட ஆண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்குச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்டார்கள். மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரில், பழுதானதைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பயன்படுத்தும் கை வளர்ந்தது. இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிப் பெருமைப்படுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கைகளுக்கு இருபது ஆண்டுகளாக ஒரு சான்றிதழும் கிடைக்கவில்லை. மூன்று அவத்தை மோட்டருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டாட்டர் பூட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவர், எந்தக் கல்விநிலையத்தின் பார்வையிலும் கல்லாதவராகவே இருந்தார்.

அந்த நாட்களில் எஞ்சியிருந்த ஒரே பாலம் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் நிறுவப்பட்ட அது, வேலை செய்வோருக்குத் தொலைக்கல்வியில் பொறியியல் கற்பித்தது. யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் நடத்தியது. ஆனால் ஆய்வுகூடப் பயிற்சிக்குப் பெரும்பாலும் கொழும்புக்கு அருகே நாவலையிலுள்ள அதன் பிரதான வளாகத்துக்குப் போக வேண்டும். பாதை மூடிய நாட்டில் ஆய்வுகூடத்துக்குப் போவதென்றால் என்ன என்பது, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டதைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

படி வந்தது

போர் முடிவதற்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சட்டப்படி எல்லாம் வந்து சேர்ந்தன. தேசிய தொழிற் தகைமைக் கட்டமைப்பு ஏழு மட்டங்களை வகுத்தது: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாட்டால், பாடசாலையைப் பாதியில் விட்ட மின்னிணைப்பாளரும் தன் வேலையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். என் கணிப்பில் போர்க்காலத் தலைமுறைக்கு இந்த நாடு செய்த சில நேர்மையான காரியங்களில் இது ஒன்று. 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. யுனிவோட்டெக் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். தகைமை பெற்ற தொழிலாளி பட்டதாரியாவதற்குச் சட்டம் திறந்த முதல் வாசல் அது. அதனோடு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நாற்பது ஆண்டு கழித்து 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடத்தைத் திறந்தது; தொழில்நுட்பப் பீடமும் தொடர்ந்து வந்தது. 2016இல் அதே அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம், எங்கள் வழக்கில் ஜேர்மன் டெக், மின்தொழில்நுட்பம் உட்படப் பல துறைகளில் பயிற்சி தரத் தொடங்கியது.

ஆனாலும் வல்வெட்டித்துறையிலோ சாவகச்சேரியிலோ வேலை செய்யும் ஒரு மின்னிணைப்பாளருக்கு இந்தப் படி இன்னும் செங்குத்தாகவே இருக்கிறது. இரத்மலானை நானூறு கிலோமீற்றர் தொலைவு. வார இறுதி வகுப்பு இருந்தாலும், வெள்ளி இரவு பஸ் ஏறித் திங்கள் காலை வேலைக்கு நிற்பதை எத்தனை மாதம் தாங்கலாம்? இங்கிலாந்தில் பயிலுநருக்குச் சம்பளத்தை வேலைகொள்வோர் கொடுக்கிறார்கள். கற்கைச் செலவுக்கு, ஆண்டுக்கு 30 இலட்சம் பவுணுக்கு மேல் சம்பளப் பட்டியல் உள்ள நிறுவனங்களிடம் 2017 ஏப்ரல் முதல் அரை சதவீத வரி வாங்கப்படுகிறது. இங்கே படிக்கப் போகிற நாளின் கூலியும் போய், பஸ் காசும் தன் கையிலிருந்து போகிறது.

மொழி இன்னொரு மதில். நான்காம் மட்டம் வரை தமிழில் கற்றவர், அதற்கு மேல் ஆங்கிலத்தில் கற்க வேண்டும். ஆனால் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. பட்டறையில் அவர் பேசுவது எர்த், நியூட்றல், பேஸ், கொன்டக்டர், ஓவர்லோட். பாடநூல் சொல்வது புவித்தொடுப்பு, நடுநிலை, அவத்தை. பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய சொற்களில் பாதி அவர் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குக் குறைவது வாக்கியம். இணைப்புக் கற்கை ஒன்றை வகுப்பவர் இலக்கணத்திலிருந்து தொடங்காமல், அவர் தினமும் தொடுகிற பனல் போட்டிலிருந்து தொடங்கினால் வழி பாதியாகக் குறையும்.

ஆலை எங்கே?

படி இருக்கிறது, அது சாய்ந்து நிற்கும் சுவர் வேண்டுமே என்பார்கள். சீமெந்து ஆலை திரும்பாமல் பெருங்கைத்தொழில் எப்படி என்பார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கூர்ந்து பார்த்தால் பதில் வேறாக வருகிறது. சுன்னாகத்தில் 24 மெகாவோட் உத்துரு ஜனனி மின்நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் கிளிநொச்சி-சுன்னாகம் 132 கிலோவோல்ட் மின்வழி குடாநாட்டைத் தேசிய வலையமைப்போடு மீண்டும் சேர்த்தது. பளையில் 2014 முடிவில் தலா 10 மெகாவோட் கொண்ட இரண்டு காற்றாலை நிலையங்கள் எழுந்தன. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவோட் தம்பபவனி 2020 இறுதியில் திறக்கப்பட்டது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரும் அளவுடையது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரியன், காற்று, மின்கலம், டீசல் நான்கையும் கோத்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இவை எல்லாம் கைத்தொழில் மின்பொறியியலே. கடல்நீர் நிலையத்தில் உயரழுத்தப் பம்பின் வேகத்தை மின்னணுக் கருவியால் ஆளுகிறார்கள். சவ்வு அடைபட்டால் அழுத்தம் ஏறுவதைக் கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டி முதலில் காட்டிவிடும். தீவில் முகில் மறைத்துச் சூரிய மின் சட்டென விழும்போது மின்கலம் தாங்கி, டீசல் இயந்திரம் எழும்வரை அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் நிறுத்துவது, எந்தச் சுழல் சூளைக்கும் குறையாத பாடம். அறுபது ஆண்டுக்கு முன் காங்கேசன்துறையில் இருந்த வகுப்பறை, இன்று சுன்னாகம், பளை, தாளையடி, தீவகம் என்று சிதறிக் கிடக்கிறது.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்துறையைப் புதிய நிறுவனங்களாகப் பிரிக்க வழிவகுத்திருக்கிறது. ஆட்சேர்ப்பும் பயிற்சியும் எப்படி அமையும் என்று விதிகள் எழுதப்படும் வேளை இது. 1971இல் இரண்டு குறிப்பேடுகளை இணைக்கும் விதியை எழுதாமல் விட்டார்கள். அதே தவறு திரும்ப வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்பப் பீடங்களும் ஜேர்மன் டெக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்லூரியும் பயிலுநர் அதிகாரசபையின் வட மாகாண அலுவலர்களும், மின்சாரத்தையும் குடிநீரையும் நடத்துவோரோடு ஒரு மேசையில் அமர வேண்டும். முதல் ஆண்டில் பத்துப் பேர் போதும்: நான்காம் மட்டச் சான்றிதழ் கையில் உள்ள, குறைந்தது மூன்றாண்டு வேலை செய்த பத்து மின்னிணைப்பாளர்கள். கிழமையில் நான்கு நாள் சம்பளத்தோடு நிலையத்தில். ஒரு நாள் வகுப்பில். வகுப்பு கிளிநொச்சியிலோ கொக்குவிலிலோ, இரத்மலானையில் அல்ல. இதை இந்த ஆண்டே எழுத்தில் கேளுங்கள் என்று வடக்கின் தொழிற்கல்வி ஆசிரியர்களையும் மின்னிணைப்பாளர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.